உராவா ரெட்ஸ் 2017: லீக்கில் 7வது, ஆசியாவில் சாம்பியன். அந்த சீசனை எப்படிப் புரிந்துகொள்வது?

வடக்கு ஸ்டாண்ட்

ரொம்ப நாளாக எழுத நினைத்த இழை. ஜப்பானின் ஜே லீக் கால்பந்து பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் 2017 உராவாவை "அதிர்ஷ்டத்தில் ஆசியக் கோப்பை வாங்கிய அணி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

முதலில் அந்த ஆண்டு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பிப்ரவரி 18 அன்று யோகோஹாமாவில் காஷிமா ஆண்ட்லர்ஸிடம் சூப்பர் கப்பில் 2-3 தோல்வி. அங்கே தொடங்கிய சீசன் டிசம்பரில் அபுதாபியில்தான் முடிகிறது. நடுவில் லீக் 34 ஆட்டம், ஆசிய சாம்பியன்ஸ் லீக் 14, லெவெய்ன் கோப்பை (ஜப்பானின் லீக் கோப்பை), பேரரசர் கோப்பை, தென்னமெரிக்க அணியோடு ஆடும் சுருகா வங்கிக் கோப்பை, உலக கிளப் கோப்பை. மொத்தம் 57 ஆட்டங்கள். ஜூலை கடைசியில் பயிற்சியாளரே மாறிவிட்டார்.

லீக்கில் கிடைத்தது 14 வெற்றி, 7 டிரா, 13 தோல்வி, 49 புள்ளி, 7வது இடம். சாம்பியன் கவாசாகி ஃப்ரொன்டாலேவைவிட 23 புள்ளி குறைவு. ஆசியாவில் அதே அணிதான் முதலிடம்.

என் கருத்தின் அடிப்படை ஒரே ஒரு கணக்கு. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் அந்த ஆண்டு தன் சொந்த மைதானமான சைதாமாவில் ஆடிய ஏழு ஆட்டங்களையும் உராவா வென்றது. ஏழுக்கு ஏழு. எஃப்சி சோல் 5-2, ஷாங்காய் எஸ்ஐபிஜி 1-0, வெஸ்டர்ன் சிட்னி 6-1, ஜேஜு யுனைடெட் 3-0, கவாசாகி 4-1, மறுபடியும் ஷாங்காய் 1-0, இறுதியில் சவூதியின் அல் ஹிலால் 1-0. அடித்தது 21, வாங்கியது 4. வெளியூரில் ஆடிய ஏழில் ஒரே ஒரு வெற்றி, இரண்டு டிரா, நான்கு தோல்வி.

ஒரு ஆட்டம் அதிர்ஷ்டத்தில் வரலாம். ஏழு வருமா? இந்தக் கோப்பை முழுக்க முழுக்க அந்த ஒரு மைதானத்தில் வென்றது என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்கு இரண்டு பயிற்சியாளர்களும் காரணம். ஒருவர் கட்டினார், இன்னொருவர் கட்டியதைக் குறுக்கிப் பூட்டினார்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

---

தோடோரோகி 12

நான் கவாசாகி ஆள், பெயரைப் பார்த்தாலே தெரியும். அதனால் காலிறுதி பற்றி நான்தான் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 23, எங்கள் மைதானத்தில் 3-1. அன்று நாங்கள்தான் எல்லா விதத்திலும் மேல். அதற்கு முன் ஜூலையில் லீக்கிலும் இதே உராவாவை 4-1 என்று அடித்திருந்தோம். செப்டம்பர் 13 சைதாமா போகும்போது பயமே இல்லை. 19வது நிமிடத்தில் எல்சின்ஹோ கோல் போட்டார். இரண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தக் கணக்கு 4-1. ஆட்டம் முடிந்தது என்றே நினைத்தேன்.

உராவாவின் கொரோகி 35வது நிமிடத்தில் ஒன்று திருப்பினார். அப்போதும் பெரிய கவலை இல்லை. அடுத்த மூன்றாவது நிமிடத்தில் எங்கள் குருமாயா ஷின்டாரோ காலை உயரத் தூக்கினார், அது கொரோகியின் முகத்தில் போய்ப் பட்டது. நேராகச் சிவப்பு அட்டை. அதுவரை பந்தைக் கால் விட்டுக் கால் மாற்றி ஆடிக்கொண்டிருந்த எங்கள் அணி, அதற்கப்புறம் தன் பெட்டிக்குள்ளேயே ஒதுங்கிவிட்டது.

அப்படியும் 70வது நிமிடம் வரை தாங்கினோம். ஸ்லாடன் 2-1 ஆக்கினார். 84இல் ரஃபேல் சில்வா. அந்த நொடியில் மொத்தம் 4-4, இரண்டு பக்கமும் வெளியூர் கோல் ஒன்று ஒன்று (மொத்தம் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி). கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று மூச்சுவிட்டேன். இரண்டே நிமிடத்தில் தகாகி தோஷியுகி இடது பக்கமிருந்து தூக்கிய பந்து எங்கள் கீப்பர் ஜங் சங்-ரியோங் தலைக்கு மேலே வளைந்து உள்ளே விழுந்தது. 5-4.

அந்தச் சிவப்பு அட்டை இல்லையென்றால் உராவா காலிறுதியைத் தாண்டியிருக்காது. வடக்கு ஸ்டாண்ட் அண்ணன் சொல்லும் "ஏழுக்கு ஏழு" கணக்கில் இது ஒன்று உங்களுடையது இல்லை, எங்கள் பிழை.

---

வடக்கு ஸ்டாண்ட்

சிவப்பு அட்டை நியாயமானது என்பதை நீங்களே மறுக்கவில்லை. பத்து பேரை எதிர்த்து மூன்று கோல் போடுவதும் லேசான காரியம் இல்லை. அந்த ஆண்டு முழுக்கப் பத்து பேரோடு நின்று தடுத்து ஆடிய அணிகள் எத்தனையோ தப்பித்திருக்கின்றன.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 11 பேரும் இருந்திருந்தால் நீங்கள்தான் அரையிறுதி போயிருப்பீர்கள். அந்தச் செப்டம்பரில் ஜப்பானிலேயே அழகாக ஆடிய அணி கவாசாகிதான்.

---

மூன்று பேர் தற்காப்பு

காலிறுதிக்கு முன்னால் ஜேஜுவைப் பற்றிப் பேசாமல் தாண்டக் கூடாது. தென்கொரியத் தீவில் முதல் லெக்கில், அதாவது இரண்டு ஆட்டத்தில் முதலாவதில், 0-2. மே 31, சைதாமா. கொரோகி 18வது நிமிடம், லீ தடனாரி அரைமணி நேரம் தாண்டி. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. 81வது நிமிடத்தில் ஜேஜுவின் சோ யோங்-ஹியுங் இரண்டாவது மஞ்சள் அட்டையில் வெளியேறினார். கூடுதல் நேரத்தின் 114வது நிமிடத்தில் மோரிவாகி ரியோட்டா. தற்காப்பில் நிற்க வேண்டிய மனிதர் அந்த நேரத்தில் எதிரணி கோல் வாசலில் என்ன செய்துகொண்டிருந்தார்? அதுதான் அன்றைய பயிற்சியாளர் பெட்ரோவிச்சின் கால்பந்து.

கடைசியில் நடந்த கைகலப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலிருந்து ஓடிவந்து கேப்டன் அபேவை முழங்கையால் இடித்தது, ஆட்டம் முடிந்ததும் மாகினோவைத் துரத்தியது. ஆசியக் கூட்டமைப்பு ஜேஜு ஆட்டக்காரர்கள் மூன்று பேருக்குத் தடை போட்டது.

என் கருத்து இதுதான். 2017இன் கோப்பை மிஹைலோ பெட்ரோவிச்சின் கோப்பை. 2012இல் வந்து, ஹிரோஷிமாவில் தான் வளர்த்த பாணியை உராவாவுக்குக் கொண்டுவந்தார். பெயருக்கு 3-4-2-1. பந்து கையில் வந்ததும் அபே பின்னால் இறங்குவார், ஓரத் தற்காப்பாளர்கள் மாகினோவும் மோரிவாகியும் மேலே ஏறுவார்கள், முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். குரூப் கட்டத்தில் ஆறு ஆட்டத்தில் 18 கோல். சிட்னியில் போய் 4-0. ஏப்ரலில் லீக்கில் வெகால்டா செண்டாயை 7-0. அந்த ஐந்தரை ஆண்டுப் பழக்கம்தான் இலையுதிர்காலத்திலும் அவர்கள் காலில் இருந்தது.

2016 முடிவையும் நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுக்க 74 புள்ளி எடுத்து முதலிடம். 59 புள்ளி எடுத்த காஷிமாவோடு, பட்டத்தை முடிவு செய்யும் சாம்பியன்ஷிப் இறுதி. அங்கே போய் 1-0 ஜெயித்து, சைதாமாவில் 1-2 தோற்று, வெளியூர் கோல் விதியில் பட்டத்தை இழந்தார்கள். 15 புள்ளி வித்தியாசம் இரண்டு ஆட்டத்தில் கரைந்தது. அந்த மனிதருக்கு உராவாவில் கிடைத்த ஒரே கோப்பை 2016 லெவெய்ன் கோப்பை. ஒன்பது மாதம் கழித்து வெளியே அனுப்பிவிட்டு, நான்கு மாதத்தில் ஆசியக் கோப்பை. அவர் அந்த மேடையில் இல்லாதது எனக்கு இன்றும் வலிக்கிறது.

---

பழைய பூட்ஸ்

மூன்று பேர் தற்காப்பு, உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் ஜூலை மாதத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். கவாசாகியிடம் 1-4. செரேசோ ஒசாகாவிடம் 2-4. 29ஆம் தேதி சப்போரோவில் 0-2. முன்னால் ஐந்து பேர் நின்றால் பந்து பறிபோன நொடியில் பின்னால் யார் இருப்பது? ஆறாவது ஆண்டில் ஜே லீக்கின் எல்லா அணிகளுக்கும் அந்த இடைவெளி எங்கே என்று தெரிந்துவிட்டது. பந்தைப் பறித்து, அபேவின் பக்கவாட்டில் ஒரு நீளப் பாஸ். அவ்வளவுதான். லீக்கில் 64 கோல் போட்ட அணி 54 கோல் வாங்கியது. கவாசாகி வாங்கியது 32.

ஜூலை 30 அன்று பெட்ரோவிச் நீக்கப்பட்டார். ஹோரி தகாஃபுமி வந்தார். வெளியாள் இல்லை, அதே பெஞ்சில் இருந்த உதவிப் பயிற்சியாளர். 2011இலும் இப்படித்தான், அணி இரண்டாம் பிரிவுக்கு விழப்போன நேரத்தில் கடைசி சில ஆட்டங்களுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். 15வது இடத்தில் பிழைத்தது.

ஹோரி செய்தது மூன்று வேலை. ஒன்று, சில வாரங்களில் தற்காப்பை நான்கு பேராக்கினார், 4-1-4-1. அவோகி தகுயாவை நான்கு பேருக்கு முன்னால் தனியாக நிறுத்தினார். உராவாவில் அதுவரை ஓரமாக இருந்த ஆட்டக்காரர் அவர். இரண்டு, எண்டோ வதாருவை வலது ஓரத்துக்கு அனுப்பினார். ஆமாம், பின்னாளில் லிவர்பூல் போன அதே எண்டோ. மூன்று, நாகாசாவா கசுகி. ஜெர்மனியில் கொலோனில் இருந்து திரும்பியவர், பெட்ரோவிச் காலத்தில் அதிகம் ஆடாதவர். உடம்பால் மோதி நிற்கக்கூடிய நடுகள ஆள் ஹோரிக்குத் தேவைப்பட்டது, அவரை எடுத்தார்.

ஆகஸ்டில் பிரேசில்காரர் மௌரிசியோவும் சேர்ந்தார். உயரமான நடுத் தற்காப்பாளர்.

இதன் பலன் என்ன? கவாசாகி ஆட்டத்துக்கு அப்புறம் அரையிறுதி, இறுதி என்று நான்கு லெக்கிலும் சேர்த்து உராவா வாங்கியது இரண்டே கோல். ஹல்க், ஆஸ்கர், வு லெய் இருந்த ஷாங்காய்க்கு ஒன்று. அல் ஹிலாலுக்கு ஒன்று. மார்ச்சில் இதே ஷாங்காயில் போய் மூன்று வாங்கிய அணி இது.

---

மூன்று பேர் தற்காப்பு

அந்த நான்கு லெக்கில் போட்டதும் நான்கே கோல்தானே, பூட்ஸ் அண்ணே. பார்க்க நன்றாக இருந்ததா?

---

பழைய பூட்ஸ்

இல்லை. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அரையிறுதி இரண்டாவது லெக்கில் 12வது நிமிடத்தில் நடுகள ஆட்டக்காரர் காஷிவாகியின் கார்னரில் ரஃபேல் சில்வா தலையால் முட்டியதும், மீதி 78 நிமிடம் அந்த அணி நின்ற விதம் எனக்கு அழகாகத்தான் பட்டது. ஒவ்வொருவரும் தன் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்து நகர்ந்தார்கள்.

---

கேள்விக்குறி

எனக்கு ஜே லீக் புதுசு. இரண்டு சந்தேகம். சுருகா வங்கிக் கோப்பை என்றால் என்ன? 7வது இடம் வந்தால் உராவா மாதிரிப் பெரிய கிளப்புக்கு உண்மையிலேயே நட்டமா, இல்லை மானப் பிரச்சினை மட்டுமா?

---

கணக்குப் பிள்ளை

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். 2017 ஜே லீக்குக்குச் சாதாரண ஆண்டு இல்லை. அந்த ஆண்டுதான் டாஸோன் என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனத்தோடு பத்து ஆண்டு ஒப்பந்தம் தொடங்கியது, சுமார் 21,000 கோடி யென். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதல் நான்கு இடங்களுக்கு மட்டும் "வலுப்படுத்தும் நிதி" என்று பிரித்தார்கள். சாம்பியனுக்கு மூன்று ஆண்டில் 155 கோடி யென், அதுபோகப் பரிசுத் தொகை 30 கோடி யென். 7வது இடத்துக்கு அந்த நிதியில் ஒன்றும் இல்லை. ஆசிய சாம்பியனுக்குக் கிடைத்த பரிசு 30 லட்சம் டாலர். அதை யென்னில் மாற்றினால் லீக் சாம்பியன் எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

உராவாவால் தாங்க முடியும், உண்மைதான். அந்த ஆண்டு ஜே லீக்கிலேயே அதிக வருமானம் பார்த்த கிளப் அவர்கள். சுமார் 800 கோடி யென். ஆனால் இதைவிடப் பெரிய அடி இன்னொன்று. அன்றைய விதிப்படி நடப்புச் சாம்பியன் என்பதற்காக அடுத்த ஆண்டு ஆசியப் போட்டியில் தானாக இடம் கிடைக்காது. உள்நாட்டு லீக்கிலோ பேரரசர் கோப்பையிலோ வாங்க வேண்டும். 7வது வந்ததால் 2018இல் உராவா ஆசியக் கோப்பையைத் தக்கவைக்க மைதானத்துக்கே போகவில்லை. அந்த ஆண்டு கோப்பையை எடுத்தது காஷிமா, அவர்களுக்கு அது முதல் ஆசியப் பட்டம்.

அதனால்தான் நான் 2017ஐ முழு வெற்றி என்று ஏற்கமாட்டேன். கோப்பை அலமாரிக்கு வந்தது, அதன் பலனை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

---

வடக்கு ஸ்டாண்ட்

சுருகா கோப்பை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஆண்டு அது வெறும் காட்சி ஆட்டம் இல்லை. அந்தக் காலத்தில் ஜப்பானின் லீக் கோப்பை சாம்பியனும் தென்னமெரிக்காவின் சுதமெரிக்கானா கோப்பை சாம்பியனும் ஜப்பானில் ஒரே ஆட்டம் ஆடினார்கள். 2016 சுதமெரிக்கானா இறுதிக்குப் போகும் வழியில்தான் பிரேசிலின் சாபெகோயென்சே அணி வந்த விமானம் கொலம்பியாவின் மெடெயின் அருகே விழுந்து 71 பேர் இறந்தார்கள். எதிரணியான அத்லெடிகோ நசியோனால் கேட்டுக்கொண்டதால் பட்டம் சாபெகோயென்சேவுக்கு வழங்கப்பட்டது. அந்தக் கிளப் புது ஆட்டக்காரர்களைச் சேர்த்து எழுந்து நின்று, 2017 ஆகஸ்ட் 15 அன்று சைதாமா வந்தது.

ஆட்டம் 0-0 என்று கடைசிக்கு வந்தபோது மாகினோ விழுந்ததற்குப் பெனால்டி. சாபெகோயென்சே ஆட்டக்காரர்கள் நீண்ட நேரம் வாதாடினார்கள். கடைசியில் அபே அடித்து 1-0. நான் உராவா ரசிகன், ஆனால் அந்த கோலுக்குக் கைதட்ட மனம் வரவில்லை. அந்த அணி அன்று உலகத்தின் இன்னொரு மூலைக்கு வந்து 90 நிமிடம் சமமாக நின்றது, அதுதான் என் நினைவில் இருக்கிறது.

---

நம்போகு லைன்

இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தவன் நான். அப்போது தோக்கியோவில் வேலையில் இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதல் லெக் ரியாதில், நவம்பர் 18. அதை விடியற்காலை எழுந்து பார்த்தேன். ஏழாவது நிமிடத்திலேயே ரஃபேல் சில்வா கோல். அதே தொடக்கத்தில் அல் ஹிலாலின் கார்லோஸ் எட்வார்டோ முழங்கால் காயத்தில் வெளியேறினார். 37இல் ஒமர் கர்பின் சமன் செய்தார். மீதி நேரம் முழுக்க அடி மேல் அடி. எங்கள் கீப்பர் நிஷிகாவா எத்தனை பந்தைத் தடுத்தார் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். 1-1. அந்த முடிவுக்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நவம்பர் 25, சனிக்கிழமை. நம்போகு லைன் ரயில் நேராகவே உராவா-மிசோனோ வரை போகும். அன்று மத்தியானமே பெட்டி முழுக்கச் சிவப்பு. மிசோனோவில் இறங்கி மைதானத்துக்கு இருபது நிமிட நடை. காற்று முகத்தில் அறைந்தது. வாசலில் பை சோதனை. கேன், பாட்டில் எதுவும் உள்ளே விடமாட்டார்கள். அங்கேயே மேசை போட்டுக் காகிதக் கோப்பை அடுக்கி வைத்திருப்பார்கள், நாமே ஊற்றிக்கொண்டு போக வேண்டும். என் கேன் காபி சூடாக இருந்தது. கோப்பையில் ஊற்றி இருக்கைக்கு எடுத்துப் போவதற்குள் ஆறிப்போனது.

என் பக்கத்து இருக்கையில் எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா, தனியாக வந்திருந்தார். கழுத்தில் நிறம் மங்கிய துண்டு, அதில் 2007 என்று இருந்தது. 2007இல் ஈரானின் செபஹானை இதே மைதானத்தில் 2-0 வென்று ஜப்பானிலிருந்து முதல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை எடுத்தபோது வாங்கியதாம். அன்று இரண்டாவது கோல் போட்டவர் அபே யூகி. பத்து ஆண்டு கழித்து அதே அபே கேப்டன் பட்டையோடு இறங்குகிறார். அந்த அம்மா மைதானத்தைக் காட்டி, "அபே அப்படியேதான் இருக்கிறார், எனக்குத்தான் வயதாகிவிட்டது" என்றார்.

57,727 பேர். ஆட்டம் தொடங்கும் முன் அட்டைகளைத் தூக்கிப் பிடித்தபோது எதிர்ப்பக்கம் மனிதர்களே தெரியவில்லை, நிறம் மட்டும்தான். உராவாவின் தீவிர ரசிகர்கள் நிற்கும் வடக்குப் பக்கம் பாடத் தொடங்கினால் காங்கிரீட் அதிர்வது காலில் தெரியும்.

0-0 போதும், வெளியூர் கோல் இருக்கிறது. அதனால் நேரம் போகப்போக எல்லோரும் பாதி கண்ணை மைதானத்திலும் பாதி கண்ணைக் கடிகாரத்திலும் வைத்திருந்தோம். ஒரு கோல் அவர்கள் போட்டால் எல்லாம் தலைகீழ். 78வது நிமிடத்தில் சலீம் அல் தவ்சாரிக்கு இரண்டாவது மஞ்சள். அவர்கள் பத்து பேர். அதற்கப்புறமும் பயம் குறையவில்லை.

88. முட்டோ தலையால் தட்டிவிட்ட பந்து ரஃபேல் சில்வாவின் ஓட்டத்துக்கு முன்னால் விழுந்தது. பெட்டிக்குள் நுழைந்து அடித்தார். வலை மேல்நோக்கி எழும்பியதைத்தான் முதலில் பார்த்தேன், சத்தம் அப்புறம்தான் வந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், விசில் வரை விடவில்லை. என் கோப்பையில் மிச்சமிருந்த காபி எங்கள் இருவர் மேலும்தான்.

---

வடக்கு ஸ்டாண்ட்

நம்போகு லைன், இதை இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்தீர்களே. ரொம்ப நன்றி.

ஒரு சின்னச் சேர்க்கை. அல் ஹிலால் 2014 இறுதியிலும் தோற்றது. தோற்கடித்தது வெஸ்டர்ன் சிட்னி. மூன்று ஆண்டு கழித்து அதே சிட்னியைக் குரூப் கட்டத்தில் 4-0, 6-1 என்று அடித்த அணியிடம் மறுபடியும் இறுதியில் தோல்வி.

---

இடது ஓரம்

அந்த வடக்குப் பக்கம் பற்றி எல்லோரும் உருகுகிறீர்கள். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் மைதானம்தான் கோப்பை வென்றது என்று சொன்னால், அந்த மைதானத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

2014 மார்ச்சில் இதே வடக்குப் பக்க நுழைவாயிலில் "ஜப்பானியர்களுக்கு மட்டும்" என்று பதாகை தொங்கியது. ஆட்டம் முடியும்வரை கிளப் அதை அகற்றவில்லை. தண்டனையாக ஷிமிசு எஸ்-பல்ஸுடனான ஆட்டம் ஒரு ரசிகர்கூட இல்லாமல் நடந்தது. ஜே லீக் வரலாற்றில் முதல் முறை. 2023இல் நகோயாவில் ரசிகர்கள் செய்த வன்முறைக்காக 2024 பேரரசர் கோப்பையிலிருந்தே கிளப்பை நீக்கினார்கள்.

நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து போய் அந்த இருக்கையில் உட்காருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

---

நம்போகு லைன்

நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். முதல் தடவை டிக்கெட் வாங்கும்போது அந்தப் பதாகை என் மனதில் இருந்தது. அதனால்தான் வடக்குப் பக்கம் எடுக்காமல் பக்கவாட்டில் எடுத்தேன். நான்கு ஆண்டில் பதினைந்து ஆட்டத்துக்கு மேல் போனேன், என்னிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை. அது என் அனுபவம் மட்டும்தான், பதாகை தொங்கியதை அது இல்லாமல் ஆக்காது.

---

தோடோரோகி 12

கதை நவம்பர் 25இல் முடியவில்லை. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

உராவா இறுதிக்குப் போனதால் எங்களோடு இருந்த லீக் ஆட்டம் தள்ளிப்போனது. அது நவம்பர் 29. கோப்பை தூக்கிய நான்காவது நாள். உராவா பலரையும் மாற்றித்தான் இறங்கியது. நாங்கள் அந்தச் சமயம் லெவெய்ன் கோப்பை இறுதியில் செரேசோவிடம் தோற்று, "எப்போதும் இரண்டாவது" என்ற பழைய பெயரோடு நொந்துபோயிருந்தோம். கோபயாஷி யூ கோல் போட்டார், 1-0.

டிசம்பர் 2 கடைசி நாள். நாங்கள் ஓமியாவை 5-0. காஷிமா இவாதாவில் 0-0. இரண்டு பேரும் 72 புள்ளி, கோல் வித்தியாசத்தில் கவாசாகி முதல் முறையாக ஜே லீக் சாம்பியன். அந்த 29ஆம் தேதி டிரா ஆகியிருந்தால்கூடப் பட்டம் காஷிமாவுக்குப் போயிருக்கும்.

செப்டம்பரில் எங்களை அழவைத்த அணியிடமிருந்துதான் நவம்பரில் அந்த மூன்று புள்ளியை எடுத்தோம். ஆசியாவிலிருந்து வெளியேறியதால் எங்களுக்கு இலையுதிர்காலத்தில் லீக்குக்கு மூச்சு கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உராவாவுக்கு அது கிடைக்கவில்லை.

---

கணக்குப் பிள்ளை

இது முக்கியமான புள்ளி. கொரோகி அந்த ஆண்டு லீக்கில் 20 கோல். ஒரு தாக்குதல் ஆட்டக்காரர் 20 கோல் போட்டும் 7வது வந்தது என்றால், களைப்பும் ஆள் பற்றாக்குறையும் எவ்வளவு என்று பாருங்கள். லெவெய்னில் காலிறுதியில் செரேசோ வெளியே அனுப்பியது, பேரரசர் கோப்பையில் செப்டம்பர் 20 அன்று காஷிமாவிடம் 2-4. அது கவாசாகி இரவு முடிந்து ஒரே வாரம். ஷாங்காய்க்குப் பறப்பதற்கும் ஒரே வாரம். ஹோரி எதை விடுவது என்று தேர்ந்தெடுத்துவிட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

---

மூன்று பேர் தற்காப்பு

பிறகு அபுதாபி. அதையும் எழுதிவிடுவோம், வலித்தாலும். டிசம்பர் 9, உலக கிளப் கோப்பையில் எமிரேட்ஸின் அல் ஜசீரா அணி. ஜெயித்தால் அரையிறுதியில் ரியால் மாட்ரிட். பந்து முழுக்க உராவாவிடம். 52வது நிமிடத்தில் அலி மப்கூத் ஒரே ஒரு ஓட்டம் ஓடினார், 0-1. எனக்கு அந்த கோலைப் பார்த்ததும் ஜூலை மாதம்தான் ஞாபகம் வந்தது. ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் மொராக்கோவின் வைதாதை 3-2 வென்றார்கள், மௌரிசியோ இரண்டு, காஷிவாகி ஒன்று. அந்த அல் ஜசீரா ரியாலை எதிர்த்து முதலில் கோல் போட்டு, 1-2 என்று தோற்றது. உராவா அங்கே நின்றிருக்க வேண்டும்.

பழைய பூட்ஸ் அண்ணனுக்கு ஒரு பதில் பாக்கி. ஹோரியை 2018 ஏப்ரலில் நீக்கினார்கள், லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லாத தொடக்கத்தால். ரஃபேல் சில்வா சீனாவுக்குப் போய்விட்டார். பெட்ரோவிச் அதே 2018இல் சப்போரோ போனார். ஆமாம், தன் வேலைக்கு முடிவு கட்டிய அதே அணி. அவர்களை 4வது இடத்துக்கு ஏற்றினார். அவருடைய கால்பந்து தீர்ந்துபோகவில்லை.

---

பழைய பூட்ஸ்

தீர்ந்துபோனது என்று நான் சொல்லவில்லையே. உராவாவில் அந்த ஆட்டக்காரர்களோடு அதற்கு நேரம் முடிந்திருந்தது என்றுதான் சொன்னேன். சப்போரோவில் அவர் செய்தது எனக்கும் சந்தோஷம்தான். ஹோரி நீண்ட காலத்துக்கான ஆள் இல்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்த நான்கு மாதத்துக்கு அவர்தான் சரியான ஆள்.

---

கேள்விக்குறி

இவ்வளவு படித்ததும் இறுதி ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கேள்வி. காஷிவாகிக்கு ஏன் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது? ரஃபேல் சில்வாதானே முக்கியமான கோல் எல்லாம்?

---

வடக்கு ஸ்டாண்ட்

ரஃபேல் சில்வா 9 கோல், உண்மை. அல் ஹிலாலின் கர்பின் 10 போட்டு முதலிடம். ஆனால் நிலைப்பந்து, கார்னர், நடுகளத்திலிருந்து ஓட்டத்தில் விடும் பாஸ் எல்லாம் காஷிவாகியின் இடது காலிலிருந்துதான் வந்தது. ஷாங்காயில் முதல் லெக்கில் ஹல்க் போட்டதும் 1-1 ஆக்கியதும் அவர்தான். எனக்கு அந்த விருதில் குறை இல்லை.

---

நம்போகு லைன்

கேள்விக்குறி, 2017 முடித்துவிட்டால் 2023இல் நடந்த இறுதி ஆட்டங்களையும் பாருங்கள். 2022 தொடரின் இறுதி, கொரோனாவால் தள்ளிப்போனது. மறுபடியும் உராவா, மறுபடியும் அல் ஹிலால். நடுவில் 2019 இறுதியில் அவர்கள் உராவாவை 1-0, 2-0 என்று அடித்துப் பழி தீர்த்திருந்தார்கள்.

ரியாதில் 1-1. சைதாமாவில் 1-0. 2017இன் அதே இரண்டு ஸ்கோர். அதே அல் தவ்சாரிக்கு மறுபடியும் சிவப்பு அட்டை, இந்த முறை முதல் லெக்கில். நிஷிகாவா அதே கோல் வாசலில். ரியாதில் சமன் செய்த கோல், எதிரணித் தற்காப்பாளர் காலில் பட்டுக் கம்பத்தில் மோதித் திரும்பிய பந்து. அது வந்து நின்ற இடத்தில் 36 வயது கொரோகி ஷின்சோ இருந்தார்.

அந்த ஆட்டத்துக்கு நான் ஜப்பானில் இல்லை. அந்த அம்மா போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.